கீழே நிற்பவன் தேர்ந்தெடுத்த கை

செய்தி வந்தபோது காலை மணி பத்து இருபது. துறைமுகத்தில் கப்பல் அணையும் நான்காம் பெர்த்தில் மூட்டைகளை எண்ணி எழுதும் டாலி கிளார்க் தொலைபேசியில் பேசினார்.

"செல்வியம்மா, மானேஜர்ட்ட சொல்லுங்க. இஞ்ஞாசி அண்ணாச்சி இறந்துட்டாரு. ஆறு மணி முறைக்கு வரலையேன்னு ஆள் அனுப்பினோம். காலையில கஞ்சி குடிச்சிட்டு உக்காந்தவரு, உக்காந்தபடியே..."

தொலைபேசியை வைத்துவிட்டார். நான் சுருக்கெழுத்துக் குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். எதற்கென்று தெரியாது, பன்னிரண்டு வருடத்துப் பழக்கம். பிறகு உள்ளே போய் மானேஜர் கிருபாநிதியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பெர்த்தில் வேலை நின்றுவிட்டது என்று அடுத்த தொலைபேசி வந்தது. யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை.

அது இந்த 1979ஆம் வருடம் ஜூன் மாதத்துப் புதன்கிழமை. மறுநாள் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். கூட்டத்தில் பேசியவர்கள் அவரைச் சிங்கம் என்றார்கள். கம்பெனிக்காரர்கள் முன்னால் கர்ஜித்து, தோணிக்காரர்களின் வேலையைக் காப்பாற்றியவர் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பிளாரன்ஸ் அக்கா என் பக்கம் திரும்பி, "இவுக யாரைச் சொல்லுதாக?" என்று மெல்லக் கேட்டார். ஆபீஸில் இஞ்ஞாசி பேசிய கூட்டங்கள் எல்லாவற்றிலும் குறிப்பெடுத்தவள் நான். அவர் கர்ஜித்ததை நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு முறை தோணித் தலைவரான தண்டலின் தோரணையில் பேசினார். அந்த ஒரு முறை தோற்றார். அந்தத் தோல்வியைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். அதனால் இதை எழுதிவைக்கத் தோன்றியது.

இஞ்ஞாசி வாஸ் 1928இல் தூத்துக்குடியில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினான்கு வயதில் தோணி ஏறினார். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பாய்மரத் தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கிக்கொண்டு வரும். தோணிக்கு எட்டுப் பேர். தலைவருக்குத் தண்டல் என்று பெயர், சமைப்பவருக்குப் பண்டாரி. இஞ்ஞாசி முப்பத்தைந்தாவது வயதில் தண்டலானார். அதற்கு முன்னால், முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் குளிக்கவும் போயிருக்கிறார். கடைசியாகக் குளித்தது 1961இல்.

கடலில் தண்டல் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாம் தடவை சொன்னால் அவருக்கே அதில் சந்தேகம் என்று தோணியிலிருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். காற்று திரும்புகிற நேரத்தில் அந்தச் சந்தேகம் ஆபத்து. ஆகவே சொல்வதைச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு சுக்கானைப் பிடித்திருப்பதுதான் தண்டலுக்கு மரியாதை. இஞ்ஞாசி அதில் பேர்போனவர்.

1974இல் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்து கரையோடு அணையத் தொடங்கின. எங்கள் கம்பெனி கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஏஜென்சி. அதற்குப் பன்னிரண்டு தோணிகளில் தொண்ணூற்றாறு பேர் வேலை பார்த்தார்கள். இனித் தோணிகளுக்கு வேலை இல்லை. ஆட்களைப் புதுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கிரேன் இருக்கும்போது அறுபது பேர் போதும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. மிச்சம் முப்பத்தாறு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதைப் பேச ஆகஸ்ட் மாதம் ஒரு கூட்டம் வைத்தார்கள். தோணிக்காரர்கள் இஞ்ஞாசியை அனுப்பினார்கள்.

கிருபாநிதி நாசரேத்துக்காரர். எம்.ஏ. படித்தவர். கெட்டவர் இல்லை, எதையும் ஒன்று இரண்டு என்று எண் போட்டுப் பேசுகிறவர். இஞ்ஞாசி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தொண்ணூத்தாறு பேரும் வேலைக்கு வரணும் சார். ஒருத்தனையும் விட முடியாது."

அவ்வளவுதான். அதன்பிறகு கிருபாநிதி தம் கையிலிருந்த பதினான்கு அம்சங்களை ஒரு மணி நேரம் வாசித்தார். ஒவ்வொன்றின் முடிவிலும் நிமிர்ந்து பார்த்தார். இஞ்ஞாசி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியாயிற்று, தண்டல் மறுபடி சொல்ல மாட்டார். கூட்டம் முடிந்ததும் மானேஜர் என்னிடம், "அவங்க ஒண்ணும் சொல்லலை" என்றார். நான் ஆபீஸ் பாஷையில், "தொழிலாளர் தரப்பில் ஆட்சேபம் இல்லை" என்று தட்டச்சு செய்தேன். மூன்றாம் நாள் அது வாசலில் ஒட்டப்பட்டது. கீழே முப்பத்தாறு பேருக்கு ஜனவரி முடிய மட்டுமே வேலை என்ற அறிவிப்பு.

மறுநாள் காலையில் நான் ஆபீஸுக்குள் நுழையும்போது வாசலில் கூட்டம். தொம்மை என்ற இன்னொரு தண்டல் இஞ்ஞாசியை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன வே, உள்ள போயி என்னத்தைப் பேசினீரு? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?"

"சொன்னேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"ஒரு தடவையில கேக்கதுக்கு மானேஜரு என்ன, உம்ம பண்டாரியா?"

இஞ்ஞாசியின் தோணியில் பண்டாரியாக இருந்த கஸ்பார் பக்கத்தில்தான் நின்றார். வயதானவர். முன்னொரு காலத்தில் கயிற்றில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போனவர். "பண்டாரியும் ஒரு தடவையில கேட்டது கெடையாது. கொழம்புல ஒப்பு கூடிப்போச்சுன்னு பத்து வருசமா சொல்லுதாரு, நான் கொறைச்சனா?" என்றார். கூட்டம் சிரித்தது. இஞ்ஞாசி சிரிக்கவில்லை. நேரே என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, நான் எப்ப ஆட்சேபம் இல்லைன்னு சொன்னேன்?"

"சொல்லலை அண்ணாச்சி. ஆட்சேபம் உண்டுன்னும் சொல்லலை."

"அதான் மொதல்லயே சொல்லிட்டேன்லா?"

"அது ஒண்ணாம் அம்சத்துக்கு முன்னால. அதுக்கப்புறம் பதினாலு போச்சு."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப பதினாலு தடவை சொல்லணுமா?"

"ஆமா."

"வெக்கங்கெட்ட வேலையால்லா இருக்கு" என்றார். பிறகு தானே சிரித்துவிட்டார்.

அந்த வார்த்தையைப் போட்டது மானேஜர் இல்லை, நான்தான் என்று அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நீங்க ஒங்க வேலையைப் பாத்தீக. எனக்குத்தான் என் வேலை தெரியலை. இந்தப் பேச்சை எங்கன போயிப் படிக்கது?" என்று கேட்டார்.

அப்போது கம்பெனி மேற்பார்வையாளர்களுக்குச் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு பயிற்சி வகுப்பு ஆரம்பித்திருந்தது. ஆளை வைத்து வேலை வாங்குவது, வழிநடத்துவது, பேசி முடிப்பது என்று மூன்று மாதப் பாடம். நான் அதைச் சொன்னதும் அவர் உள்ளே போய் மானேஜரிடமே கேட்டார். அது சூப்பர்வைசர்களுக்கு மட்டும் என்றார் கிருபாநிதி.

"கப்பலு கரைக்கு வந்துட்டு சார். நான் மட்டும் கடல்லயே நிக்கவா?"

கிருபாநிதி பட்டியலின் கடைசியில் பெயரை எழுதச் சொன்னார்.

வகுப்பெடுத்தவர் எஸ்றா. சாத்தான்குளத்துக்காரர், ஒரு கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளர், முப்பது வயதுகூட ஆகாதவர். பாடங்களைத் தமிழில் குறிப்பெடுத்துத் தட்டச்சு செய்வது என் வேலை. முதல் நாள் எஸ்றா கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். உச்சியில் மானேஜர், நடுவில் சூப்பர்வைசர், அடியில் தொழிலாளிகள். இஞ்ஞாசி கையைத் தூக்கினார்.

"சார், இதுல காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். எஸ்றாவும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் வந்ததும், "நீங்க கேட்டதை யோசிச்சேன். அதை நான் படத்துல போடவே இல்லை. மாறுறது என்னன்னு தெரியாம யாரும் யாரையும் வழிநடத்த முடியாது" என்று சொல்லி அதிலிருந்தே பாடத்தை ஆரம்பித்தார்.

பழைய துறைமுகத்தில் கேலி ஓயவில்லை. "தண்டலுக்குச் சிலேட்டு வாங்கியாச்சா?" என்று தொம்மை கேட்டால், "வாங்கியாச்சு. ஒமக்கும் ஒண்ணு வாங்கட்டா? சோடியாப் போவோம்" என்பாராம் இஞ்ஞாசி.

மூன்றாம் சனிக்கிழமை எஸ்றா ஒரு பயிற்சி கொடுத்தார். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். எதிரில் இருப்பவரின் கஷ்டம் என்ன என்று நாம் சொல்ல வேண்டும். "அதேதான்" என்று அவர் சொல்கிறவரை விடக்கூடாது. இஞ்ஞாசிக்கு எதிரில் உட்கார்ந்தவர் ஆறுமுகநயினார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் கிராமத்திலிருந்து வந்தவர். கப்பலின் மேல்தட்டில் நின்று, கிரேன் ஓட்டுபவருக்குக் கை காட்டுவது அவர் வேலை. சரக்கறைக்குள் நிற்கும் ஆட்கள் கிரேன்காரர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மேலே நிற்பவர் காட்டும் கையை வைத்துத்தான் இரண்டு டன் சுமை கீழே இறங்கும். ஆறுமுகநயினார் வேறு துறைமுகத்தில் போய் இதைப் படித்துவிட்டு வந்தவர். கம்பெனி நியமித்த ஆள். அதற்குள் புதுத் துறைமுகச் சரக்கறைகளில் இறங்கத் தொடங்கியிருந்த தோணிக்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. "வயக்காட்டு ஆளு கை காட்டுதான், நாம தலையைக் குடுக்கணுமாம்" என்பார்கள். சுமை தலைக்கு மேலே தெரிந்ததும் எல்லாரும் மூலைக்கு ஓடுவார்கள். அது இறங்கி அடங்கிய பிறகுதான் திரும்பி வருவார்கள். ஐந்து நாளில் முடிய வேண்டிய கப்பல் ஒன்பது நாள் ஆனது. சோம்பேறிகள், ஆளும் அதிகம் என்றது ஆபீஸ்.

இஞ்ஞாசி ஆரம்பித்தார். "ஒமக்கு எங்களைப் பிடிக்கலை."

"அது இல்லை."

"எங்களுக்கு வேலை தெரியலைன்னு நெனைக்கீரு."

"அதும் இல்லை."

"பின்ன என்னதான் வே? நீரே சொல்லும்."

ஆறுமுகநயினார் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "நான் கையை எறக்குனா நீங்க ஓடுதீங்க அண்ணாச்சி. எந்தப் பக்கம் ஓடுவீங்கன்னு எனக்குத் தெரியாது. ஓடுத ஆளு மேல சாமானை எறக்கிருவனோன்னு எனக்குக் கை நடுங்குது. வீட்டுல போயிப் படுத்தாலும் நடுங்குது."

இஞ்ஞாசி குனிந்து அவருடைய கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாங்க ஓடுததைப் பாத்து நீரு நடுங்குதீரு. நீரு நடுங்குததைப் பாத்து நாங்க ஓடுதோம்."

"அதேதான்" என்றார் ஆறுமுகநயினார்.

இந்த வரிகள் என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கின்றன. மற்ற ஜோடிகள் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

டிசம்பரில் இரண்டாவது கூட்டம். முப்பத்தாறு பேருக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது. இந்த முறை இஞ்ஞாசி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சார், மொதல்ல ஒங்க கஷ்டத்தை நான் சொல்லிப் பாக்கேன். தப்பா இருந்தாத் திருத்துங்க. கப்பலு அஞ்சு நாளுல கெளம்பணும். ஒம்பது நாளாவுது. இப்படியே போனா கப்பல்காரன் அடுத்த கப்பலை வேற ஏஜென்சிக்குக் குடுத்துருவான். அப்ப எங்களுக்கு மட்டுமில்ல, ஒங்களுக்கும் வேலை இருக்காது. இதை மேலிடத்துல சொல்ல முடியாம, ஆளைக் கொறைச்சாலாவது சரியாவுமான்னு பாக்கீங்க."

கிருபாநிதி பேனாவைக் கீழே வைத்தார். "சரியாத்தான் சொல்றீங்க."

"இப்ப எங்க கஷ்டத்தை நீங்க சொல்லுங்க சார்."

"முப்பத்தாறு பேருக்கு வேலை போகுது."

"அது ரெண்டாவது."

"முதலாவது எது?"

இஞ்ஞாசி முத்துக்குளிப்பைப் பற்றிச் சொன்னார். குளிக்கிறவன் கல்லைப் பிடித்துக்கொண்டு பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழம் இறங்குவான். மேலே வள்ளத்தில் ஒருவர் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதைக் குளிக்கிறவன்தான் சொல்வான். வள்ளத்துச் சொந்தக்காரர் சொல்ல முடியாது. ஆளைப் பிடிக்கவில்லை என்றால் அவன் இறங்க மாட்டான். இறங்கு என்று அவனை யாரும் அதட்டவும் மாட்டார்கள்.

"மச்சினனைத்தானே வைப்பாங்க? அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் கிருபாநிதி.

"வைப்பாங்க சார். எங்க மச்சினன் கயிறைப் பிடிச்சாம்னா கயிறும் சேந்து தூங்கிரும். நான் கீழக்கரை ஆளு ஒருத்தரை வச்சிருந்தேன். சொந்தமும் இல்ல, எங்க வேதமும் இல்ல. ஆனா நான் கீழ மூச்சை மாத்துனா மேல அவருக்குத் தெரியும்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். சரக்கறையில் நிற்கிற ஆட்களே தங்களுக்குக் கை காட்டுபவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை ஆறிலிருந்து இரண்டு வரை, இரண்டிலிருந்து பத்து வரை என்று இரண்டு முறை வேலை, பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாக எட்டு கேங்குகள். அப்படிச் செய்தால் அத்தனை பேரும் தேவைப்படுவார்கள். ஜனவரியில் உப்பு மூட்டை ஏற்ற வரும் கப்பலில் பரீட்சித்துப் பார்க்கலாம். ஐந்து நாளில் முடிந்தால் அறிவிப்பைக் கிழிக்க வேண்டும்.

"ஆறு நாளானா?"

"அந்த முப்பத்தாறுல மொதப் பேரு எம் பேரு சார். எழுதிக்கிடுங்க."

கிருபாநிதி வேறு எதையோ கேட்டார். இஞ்ஞாசி பதில் சொல்லிவிட்டு, "தொண்ணூத்தாறு பேரும் வரணும்" என்றார். அடுத்த அம்சம் வந்தது. மறுபடி அதையே சொன்னார். அன்றைக்கு அவர் அதை ஒன்பது தடவை சொல்லியிருக்கிறார். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. ஒன்பதையும் நான் எழுதினேன்.

மானேஜரைச் சம்மதிக்க வைத்ததைவிடத் தம் ஆட்களைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய காரியம். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. பிளாரன்ஸ் அக்கா சொல்லித் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கரையில் ஏற்றிவைத்திருந்த தோணியின் நிழலில் உட்கார்ந்தார்கள். எட்டு கேங்குக்கு எட்டு மேஸ்திரிதான். தண்டல்களோ பன்னிரண்டு பேர். நான்கு தண்டல்கள் மூட்டை தூக்க வேண்டிவரும்.

"தண்டலு மூட்டை தூக்குவானா வே? எங்கயாவது உண்டுமா?" என்று தொம்மை எழுந்தே நின்றுவிட்டார்.

"நாலு பேருல ஒருத்தன் நான். இன்னும் மூணு பேரு வேணும். யாரையும் நான் சொல்லப்போறதில்லை" என்றார் இஞ்ஞாசி.

அப்புறம் தண்டல்கள் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து, அவருக்கு என்ன கஷ்டம் என்பதை அவரிடமே சொல்லிப் பார்த்தார். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்குச் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும் என்ற கவலை. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். "ஒரு தடவை சொல்லுத மனுசன் இன்னைக்கு நூறு தடவை சொல்லுதாரே! இவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது யாருலே?" என்று தொம்மை புலம்பினாராம். பொழுது சாய்வதற்குள் வயதான தண்டல்கள் இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் திங்கட்கிழமை காலையில் வந்து சொன்னார். தொம்மை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவர் மேஸ்திரியானார். அவருடைய கேங்கில்தான் இஞ்ஞாசி மூட்டை தூக்கினார், நாலரை வருடம், கடைசி நாள் வரை. முதல் மாதத்தில் தொம்மை அவரை ஏவக் கூச்சப்பட்டு மற்றவர்களை மட்டும் ஏவியபோது, "மேஸ்திரி, எனக்கு வேலை சொல்லும். சொல்லலைன்னா இவனுக ஒம்ம பேச்சைக் கேக்க மாட்டானுக" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர்.

உப்புக் கப்பல் ஜனவரி இரண்டாவது வாரம் வந்தது. கை காட்டுபவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொம்மையின் கேங்கு தங்கள் ஆளில் ஒருவனை வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இஞ்ஞாசி ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னார்.

"மூணு எறக்கம் நான் ஒத்தையில கீழ நிக்கேன். ஆறுமுகநயினார் கை காட்டட்டும். அப்புறம் நீங்க யாரைச் சொன்னாலும் சரி."

மானேஜருடன் நானும் கப்பலின் மேல்தட்டில் இருந்தேன். சரக்கறையின் நடுவே இஞ்ஞாசி மட்டும் நின்றார். அன்றைக்குச் சோதனைக்கென்று கட்டிய மூட்டைகளோடு சுமை அவர் தலைக்கு நேரே இறங்கியது. அவர் நகரவில்லை. ஆறுமுகநயினார் அவர் கண்களையே பார்த்துக்கொண்டு கையை அசைத்தார். சுமை நின்றது, ஒரு முழம் விலகியது, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முறை இஞ்ஞாசி முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு பீடி பற்றவைத்தார். கிருபாநிதி என் பக்கத்தில் வாய்க்குள்ளேயே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுமை இறங்கியதும் தொம்மைதான் முதலில் பேசினார். "வயக்காட்டு ஆளுக்குக் கை நல்லாத்தாம்லே இருக்கு. இவனையே வச்சுக்கிடுவோம்."

அதன்பிறகு யாரும் ஓடவில்லை. ஆறுமுகநயினாரின் கையும் நடுங்கவில்லை. மாலையில் கிருபாநிதி இஞ்ஞாசியைக் கூப்பிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "இதே ஆளைத்தானே நாங்களும் போட்டிருந்தோம்?"

"நீங்க போட்டிருந்தீங்க சார். இப்ப நாங்க வச்சிருக்கோம்."

கப்பல் நான்கு நாள் இருபத்தொரு மணி நேரத்தில் கிளம்பியது. கிருபாநிதி தாமே வாசலுக்குப் போய் அந்த அறிவிப்பைக் கிழித்தார்.

ஆனால் பிப்ரவரியில் ஒப்பந்தம் எழுதும்போது ஒரு முட்டு வந்தது. கஸ்பார். கரையில் சமையல் இல்லை. எனவே பண்டாரிக்கு இடம் இல்லை. மற்றத் தோணிகளின் பண்டாரிகள் இளைஞர்கள், மூட்டை தூக்கப் போய்விட்டார்கள். இரண்டு விரல் இல்லாத கையோடு கஸ்பாரை கேங்கில் சேர்த்தால், நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார் கிருபாநிதி. அது நியாயமான கேள்விதான். ஒரு முழுநாள் பேசினார்கள். இஞ்ஞாசி இன்னும் இழுத்தால் மற்றவர்களின் ஒப்பந்தமும் தள்ளிப்போகும் என்ற நிலை வந்தது. கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "எழுதிக்கிடுங்க" என்றார். நான் எழுதினேன்: தொண்ணூற்றைந்து பேர், பண்டாரி கஸ்பார் குறித்துப் பின்னர் பேசிக்கொள்ளலாம்.

ஏழு கேங்குகளில் பன்னிரண்டு பேர். இஞ்ஞாசி இருந்த தொம்மையின் கேங்கில் மட்டும் பதினொருவர். யாராவது விசாரித்தால், "பன்னெண்டாவது ஆளு டீ போடுதாரு" என்பார்கள். கஸ்பார் பெர்த்துக்கு வெளியே அடுப்பு வைத்தார். கேங்கே அவருக்கு ஒரு பங்கு கொடுத்தது. "ஏலே இஞ்ஞாசி, எனக்கு என்ன கொறை? ஒனக்கு ஒப்புக் கொறைச்சுப் போட்ட டீயே கெடைக்குது" என்று அவர் சிரிப்பார். இஞ்ஞாசிக்கு அது சிரிப்பாக இல்லை. தொண்ணூற்றைந்து பேரைக் காப்பாற்றியவர் என்று யாராவது புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

வருடத்துக்கு ஒரு தடவை கஸ்பாருக்காகக் கிருபாநிதியிடம் வருவார். ஒவ்வொரு தடவையும் மானேஜரின் கஷ்டத்தைத்தான் முதலில் சொல்வார். கைக்கு ஏதாவது ஆனால் வழக்கு வரும், ஒருவருக்குக் கொடுத்தால் இன்னும் நாலு பேர் கேட்பார்கள், மேலிடத்தில் கையெழுத்து வாங்குவது லேசில்லை என்று எதையும் குறைக்காமல் சொல்வார். கிருபாநிதி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "என் பக்கத்தை அவர் என்னைவிட நல்லா சொல்றாரும்மா. அதுக்கப்புறம் முடியாதுன்னு சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு." அவரும் மாறியிருந்தார். இப்போது எந்தக் கூட்டமானாலும் கையெழுத்துக்கு முன் இரண்டு தரப்பும் எதிர்த்தரப்பு சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆபீஸில் வழக்கம். ஆட்சேபம் இல்லை என்ற வார்த்தையை நான் அதற்குப்பின் தட்டச்சு செய்ததில்லை. யாராவது வாய் திறந்து, இல்லை என்று சொன்னால் மட்டும் எழுதுகிறேன்.

ஆறுமுகநயினார் அடக்கத்துக்கு வந்திருந்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது கயிறு பிடித்தவர்களுக்கு மெதுவாக, இன்னும் மெதுவாக என்று கையை அசைத்துக்கொண்டே இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் கயிறு பிடித்த தொம்மையும் மற்றவர்களும் அவர் கையைப் பார்த்துத்தான் இறக்கினார்கள்.

இந்த மே மாதம் கிருபாநிதி ஒரு வழி கண்டுபிடித்தார். பெர்த்தில் கம்பெனியே கேன்டீன் வைக்கிறது; அதற்கு ஒரு உதவியாளர் வேலை. தொழிலாளர் பிரதிநிதியின் கடிதம் ஒன்று வந்தால் கஸ்பாரை அதில் நிரந்தரமாக வைத்துவிடலாம், ஜூன் முடிவதற்குள் தரச் சொல்லுங்கள் என்றார். இஞ்ஞாசி இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை முறை முடிந்து நேரே என் மேசைக்கு வந்து, என்ன எழுத வேண்டும் என்று நின்றுகொண்டே சொன்னார். நான் அன்று மாலையே தட்டச்சு செய்தேன். படித்துப் பார்க்காமல் அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. புதன்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னார்.

கடிதத்தில் ஐந்தாவது வரியில் ஓர் இடம் விட்டிருக்கிறேன். கஸ்பாரின் வயது எனக்கும் தெரியவில்லை, இஞ்ஞாசிக்கும் தெரியவில்லை. கேட்டு வந்து சொல்வதாகச் சொல்லியிருந்தார். அந்த இடமும், கீழே அவர் கையெழுத்துக்கு விட்ட இடமும் இன்னும் நிரப்பப்படவில்லை.